நீஸ் கடற்கரையில் அரை நாள்: வண்டியோட்டியும் வழிகாட்டியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த தென் பிரான்ஸ் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நீஸ் நகரில் தங்கிக்கொண்டு, தனி வண்டி ஒன்றை அமர்த்தினால், மத்தியதரைக் கடலோரத்தில் கேன்ஸ் முதல் மாந்தோன் வரை உள்ள எல்லா ஊர்களையும் அரை நாளில் பார்த்துவிடலாம் என்றும், கைப்பேசி இருக்கும் காலத்தில் வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பது வீண் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. கட்டுரையாளர் நல்லெண்ணத்துடன்தான் எழுதியிருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சென்ற ஆண்டு ஏப்ரல் கடைசியில் அதே கரையில், ஒரே வாரத்துக்குள் இரண்டு அரை நாள் பயணங்கள் போய், ஒன்றில் ஏமாந்தும் மற்றொன்றில் மனம் நிறைந்தும் திரும்பியவன் நான். பிரான்சில் பிள்ளைகள் வாழும் குடும்பங்கள் எங்கள் புதுச்சேரியில் ஏராளம். அவர்களில் எவரும் அந்தக் கட்டுரையை நம்பி, நான் முதல் நாள் செய்த தவற்றைச் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் ஆறு பேர்: நானும் என் மனைவியும், லியோன் நகரில் பணிபுரியும் மகளும் மருமகனும், மருமகனின் பெற்றோரும். என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. சம்பந்தியம்மா முட்டைகூடச் சாப்பிடாத சைவம். இத்தகைய பயணங்களுக்குக் கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்றில்லாமல் வண்டிக்கு இவ்வளவு என்றே பேசப்படுவதால், ஆறு பேர் சேர்ந்து போகும்போது அது கட்டுப்படியாகிறது என்பதை மருமகன் கணக்குப் பார்த்துச் சொன்னார். அந்தக் கணக்கு சரிதான். இணையத்தில் பார்த்த விளம்பரம் ஒன்றில் "தனி வழிகாட்டியுடன் அரை நாள்" என்று எழுதி, எட்டு ஊர்ப் பெயர்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். எட்டு என்பது எங்களுக்கு அன்று ஆதாயமாகத் தோன்றியது.

காலை 9 மணிக்கு வண்டி வந்தது. ஓட்டியவர் பணிவான இளைஞர். கதவைத் திறந்துவிடுவதிலிருந்து தண்ணீர் பாட்டில் கொடுப்பது வரை அவர் நடத்தையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் விளம்பரத்தில் சொன்ன வழிகாட்டியும் அவரேதான் என்பது வண்டி கிளம்பிய பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலையில், ஒரு கண்ணைச் சாலையிலும் மறு கண்ணைக் கடிகாரத்திலும் வைத்திருப்பவர் என்ன சொல்லிவிட முடியும்? நீஸின் கடற்கரைச் சாலையில் ஐந்து நிமிடம், வில்ஃப்ரான்ஷ் விரிகுடாவுக்கு மேலே படம் எடுக்க ஐந்து நிமிடம் என்று நேரம் நகர்ந்தது. ஏஸ் என்னும் மலைக்கிராமத்தில் எங்களுக்குக் கிடைத்த அரை மணியில் இருபது நிமிடம் அடிவாரத்திலிருந்த ஒரு வாசனைத் திரவியக் கடையில் கழிந்தது. அங்கே எங்களை இறக்கிவிட்டவர், விற்பனைப் பெண்ணிடம் எங்களை ஒப்படைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். கிராமத்துக்குள் நாங்கள் ஏறவே இல்லை. மொனாக்கோவில், ஆண்டுதோறும் நடக்கும் கார்ப் பந்தயத்துக்காகச் சாலையோரமெல்லாம் தடுப்புகளும் பார்வையாளர் மேடைகளும் முளைத்திருந்தன. அந்த நெரிசலில் பந்தயப் பாதையைச் சுற்றி வரவே முக்கால் மணி போயிற்று.

இரண்டு சிறு நிகழ்ச்சிகளைச் சொல்ல வேண்டும். ஏஸுக்குப் போகும், மலைச்சரிவின் மூன்று சாலைகளில் நடுவிலுள்ள சாலையில் ஒரு வளைவைக் காட்டி, மொனாக்கோ இளவரசி கிரேஸ் 1982ல் விபத்துக்குள்ளான இடம் இதுதான் என்றார் அந்த இளைஞர். எல்லோரும் அமைதியாகி அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்தோம். பிறகு மொனாக்கோவில் நெரிசலில் நின்றபோது, என் மனைவி தலைக்கு மேலே மலை விளிம்பில் வெண்மையாக நின்ற தூண்களைப் பார்த்து, அது என்ன கட்டடம் என்று கேட்டார். "ஏதோ பழைய கோட்டை" என்று பதில் வந்தது. ஆறு பேர் கையிலும் கைப்பேசி இருந்தது. ஒருவரும் அதை எடுத்துத் தேடவில்லை; கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று இருந்துவிட்டோம். வழிகாட்டி வேண்டாம், கைப்பேசி போதும் என்று எழுதிய கட்டுரையாளர் இந்த இடத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்றிரவு மகள்தான் விவரத்தைத் தேடிப் படித்துச் சொன்னாள். பிரான்சில் வண்டியோட்டும் உரிமம் வேறு. வழிகாட்டும் தகுதி வேறு. அருங்காட்சியகங்களிலும் வரலாற்றுச் சின்னங்களிலும் பயண நிறுவனங்களின் சார்பில் விளக்கம் சொல்பவர், 'கிட் கான்ஃபெரான்சியே' என்று வழங்கும் தொழில் அட்டையை அரசிடமிருந்து பெற்றிருக்க வேண்டும். அதற்குரிய படிப்பும் மொழித் தேர்ச்சியும் இல்லாதவருக்கு அது கிடைப்பதில்லை. வாடகை வண்டிக்கான அட்டையை மட்டும் வைத்திருப்பவர் நம்மை ஏற்றி இறக்கலாம், வழியில் பேச்சுக் கொடுக்கலாம், அவ்வளவே. ஆகவே அந்த இளைஞர் மீது எனக்குத் துளியும் வருத்தமில்லை. தனக்குரிய வேலையை அவர் ஒழுங்காகச் செய்தார். வண்டியோட்டியை வழிகாட்டி என்று விளம்பரத்தில் எழுதியவர்கள்தான் எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

மூன்று நாள் கழித்து, அந்த அட்டை பெற்ற வழிகாட்டி ஒருவரை மகள் ஏற்பாடு செய்தாள். ஐம்பது வயதை ஒட்டிய அம்மையார். அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். வண்டிக்குத் தனி ஓட்டுநர் என்பதால் கட்டணம் முதல் பயணத்தைவிடக் கூடுதல்தான், அதை மறைப்பதற்கில்லை. முந்தைய நாள் மாலையே அவர் தொலைபேசியில் அழைத்து, எங்கள் வயது, படியேற முடியாதவர் யார், சாப்பாட்டில் விலக்கு உண்டா, எதில் ஈடுபாடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நாங்கள் கொடுத்திருந்த ஐந்து ஊர்ப் பட்டியலில் மொனாக்கோவை முதலில் அடித்தார். நீஸிலிருந்து மொனாக்கோவுக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது, நாள் முழுவதும் வண்டி உண்டு, அங்கே போவதற்கு என்னையும் ஒரு காரையும் மணிக்கணக்கில் அமர்த்துவானேன் என்பது அவர் வாதம். தமக்கு வரவேண்டிய வேலையைத் தாமே குறைத்துக்கொண்டு பேசிய அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்துப்போயிற்று. கேன்ஸ், ஆந்தீப், மாந்தோன் ஆகிய கரையோர ஊர்களுக்கும் இதே விதிதான் என்றார் அவர். ரயில் பாதை கடலை ஒட்டியே ஓடுகிறது. ஆகவே கரையை ரயிலுக்கு விட்டுவிட்டு, ரயில் ஏற முடியாத மலைமேல் ஊர்களுக்கு மட்டும் வண்டியையும் வழிகாட்டியையும் பயன்படுத்த வேண்டும். கேன்ஸிலிருந்து மாந்தோனுக்கு சுமார் 60 கிலோமீட்டர். அதை அரை நாளில் வண்டியில் ஓடி முடிப்பவர்கள் பார்ப்பது பெரும்பாலும் முன்னால் போகும் வண்டிகளைத்தான்.

நீஸிலிருந்து மொனாக்கோ பக்கம் போக மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சாலைகள் இருக்கின்றன. கோர்னிஷ் என்று அவற்றுக்குப் பெயர். கீழ்ச்சாலை கடலை ஒட்டியது. நடுச்சாலை இருபதாம் நூற்றாண்டில் போடப்பட்டது. மேல்சாலை நெப்போலியன் காலத்தில், பழைய ரோமானியப் பாதையைப் பெருமளவு பின்பற்றி அமைக்கப்பட்டது. அம்மையார் எங்களை மேல்சாலையில் அழைத்துச் சென்றார். ஏறக்குறைய 480 மீட்டர் உயரத்தில், லா துர்பி என்னும் சிற்றூரில் வண்டி நின்றது. இறங்கி நிமிர்ந்து பார்த்தால், முதல் நாள் மொனாக்கோவிலிருந்து நாங்கள் அண்ணாந்து பார்த்த அதே வெண்தூண்கள்.

அது கோட்டையன்று. ஆல்ப்ஸ் மலைக்குடிகளை வென்றதற்காக ரோமப் பேரரசர் அகஸ்டஸுக்குக் கி.மு. 6ஆம் ஆண்டையொட்டி எழுப்பப்பட்ட வெற்றிச் சின்னம். முதலில் ஏறத்தாழ 50 மீட்டர் உயரம் இருந்தது. இன்று நிற்பது சுமார் 35 மீட்டர். இடைக்காலத்தில் அதையே அரணாக மாற்றிக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதினான்காம் லூயி மன்னரின் ஆணைப்படி அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சிதறிய கற்கள் எங்கே போயின என்று கேட்டேன். அம்மையார் பதில் சொல்லாமல் எங்களைத் தெருவுக்குள் அழைத்துச் சென்று, வீட்டுச் சுவர்களில் பதிந்திருந்த வெள்ளைக் கற்களைத் தொட்டுக் காட்டினார். ஊர்த் தேவாலயத்தையும் அந்தக் கற்களைக் கொண்டே கட்டியிருக்கிறார்கள். ஒரு பேரரசின் வெற்றிச் சின்னத்தை ஓர் ஊரே பங்கு போட்டுக்கொண்டு குடியிருக்கிறது. முப்பத்து நான்கு ஆண்டுகள் வரலாறு நடத்திய எனக்கு அந்தத் தெருவை விட்டு வர மனமில்லை.

சின்னத்தின் அடிப்பகுதியில், தோற்கடிக்கப்பட்ட 45 குடிகளின் பெயர்களைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. பழைய கல்வெட்டு துண்டு துண்டாகிவிட்ட நிலையில், அதன் வாசகத்தை முழுமையாக மீட்க முடிந்ததற்குக் காரணம், ரோமானிய எழுத்தாளர் பிளினி அதைத் தம் நூலில் படியெடுத்து வைத்திருந்ததுதான் என்று அம்மையார் சொன்னார். எனக்கு உடல் சிலிர்த்தது. இந்தியாவுடன் நடக்கும் வாணிபத்தில் ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் கரைந்துபோகிறது என்று அங்கலாய்த்தவரும், முசிறித் துறையையும் பாண்டிய மன்னனையும் குறிப்பிட்டவரும் அதே பிளினிதான். பொன்னையும் வெள்ளியையும்போல மிளகை எடை போட்டு வாங்குகிறார்களே என்று வியந்து எழுதியவரும் அவரே.

அங்கே நின்றுகொண்டு நான் அரிக்கமேட்டைப் பற்றிச் சொன்னேன். புதுச்சேரிக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், பிரெஞ்சு அறிஞர் ஜூவோ துப்ராய் 1937ல் கண்ட மணிக்கல்லில் இருந்த தலையுருவத்தை அவர் அகஸ்டஸ் என்றே கருதினார் என்றும், 1945ல் அங்கு அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலருக்கு இத்தாலியில் வனைந்த அரெட்டைன் மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன என்றும், அந்த மேட்டுக்கு ஆண்டுதோறும் என் மாணவர்களை அழைத்துச் சென்றிருக்கிறேன் என்றும் சொன்னேன். அம்மையார் கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, அரிக்கமேடு என்னும் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். பத்து நிமிடம் என்று போட்டிருந்த இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை. கிரேஸ் இளவரசியின் விபத்தைப் பற்றியும் இங்கேதான் தெளிவு கிடைத்தது. அது நேர்ந்தது லா துர்பியிலிருந்து கீழே இறங்கும் வேறொரு சாலையில்; நடுச்சாலை வளைவுகளைக் காட்டுவது பலரும் செய்யும் பிழை என்று, அந்தச் சாலை பிரியும் இடத்தை அவர் காட்டினார்.

அடுத்தது ஏஸ். கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கும் மேலே, பாறை உச்சியில் கழுகுக்கூடுபோல் இருக்கும் அந்தக் கிராமத்துக்குள் வண்டி போகாது, கல்படிகள்தாம். எத்தனை படிகள், எங்கே கைப்பிடி இருக்கிறது, எந்த வளைவில் உட்காரலாம் என்பதெல்லாம் அம்மையாருக்கு மனப்பாடம். என் மனைவியைப் பாதி வழியில் நிழலான ஒரு திண்ணையில் அமர்த்தி, சம்பந்தியம்மாவைத் துணைக்கு விட்டு, எஞ்சியவர்களை மேலே அழைத்துப் போனார். உச்சியிலிருந்த கோட்டையும் அதே பதினான்காம் லூயியின் படையால் 1706ல் இடிக்கப்பட்டதுதான். அந்த இடிபாடுகளின் மேல் 1949ல் ஒரு தோட்டம் வைத்திருக்கிறார்கள். உள்ளே போனால், எங்கள் பக்கம் வேலியோரத்தில் தானாக மண்டிக் கிடக்கும் சப்பாத்திக்கள்ளியும் ஆனைக்கற்றாழையும் பெயர்ப் பலகையுடன் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு இடையே நின்று கீழே பார்த்தால் ஃபெரா முனையும் அதைச் சுற்றிய நீலமும் தெரிகின்றன. அந்த நீலத்தைப் பற்றி எழுத எனக்குத் திறமை போதாது.

வில்ஃப்ரான்ஷில் அரை மணிதான் இருந்தோம். 13ஆம் நூற்றாண்டிலிருந்து வீடுகளுக்கு அடியில் குகைபோல் ஓடும் இருட்டுத் தெருவில் நடந்தோம். மீனவர்களின் சிறு கோயிலுக்கு 1957ல் பிரெஞ்சுக் கலைஞர் ழான் கோக்தோ வரைந்த ஓவியங்களைப் பார்த்தோம். அந்த ஊர் ரயில் நிலையம் கடற்கரையை ஒட்டியே இருப்பதால், மறுநாள் நாங்களே மீண்டும் வந்து ஆற அமரப் பார்த்தோம்.

பயணம் முடிந்ததும் அம்மையார் எங்களை விடுதியில் இறக்கிவிடாமல், பழைய நீஸின் சலேயா சந்தைக்கு அழைத்துச் சென்றார். சம்பந்தியம்மாவின் சைவத்தை அவர் மறக்கவில்லை. கடலைமாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு ஆகியவற்றை மட்டும் கரைத்து, அகன்ற தட்டில் ஊற்றி, விறகு அடுப்பில் சுட்டெடுக்கும் சொக்கா என்னும் பண்டம் அங்கே கிடைக்கிறது. ஓரம் முறுகலாக, நடுவில் மெத்தென்று இருக்கும் அதன்மேல் மிளகுத்தூளைத் தூவித் தருகிறார்கள். ரொட்டியும் பழமுமாக நான்கு நாள் ஓட்டியிருந்த சம்பந்தியம்மா இரண்டு தட்டு சாப்பிட்டார். பக்கத்தில் வெங்காயம் பரப்பி விற்கும் பிசலாதியேரைச் சைவம் என்று எண்ணி வாங்கிவிட வேண்டாம், அதில் நெத்திலி சேர்ப்பார்கள் என்றும் அம்மையார் எச்சரித்தார். சைவம் சாப்பிடும் வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இத்தகைய அரை நாளுக்குப் பணம் கட்ட நினைப்பவர்கள் முன்கூட்டியே சிலவற்றைக் கேட்டுத் தெளிவதில் கூச்சப்படக் கூடாது. வருபவர் தொழில் அட்டை பெற்ற வழிகாட்டியா, ஓட்டுநர் மட்டுமா என்பதை எழுத்தில் கேளுங்கள். அட்டை உள்ளவர் அதைக் காட்டத் தயங்குவதில்லை. கடைகளில் நிறுத்தக் கூடாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். நான்கு மணி நேரமென்றால் மலைமேல் இரண்டு ஊர்கள், மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் வேண்டாம். திங்கட்கிழமையைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் லா துர்பிச் சின்னம் அன்று மூடியிருக்கும், சலேயாவிலும் பூச்சந்தைக்குப் பதிலாகப் பழம்பொருள் சந்தை நடக்கும்.

இறுதியாக, கட்டுரையில் உள்ள ஒரு பிழையைத் தாங்கள் அவசியம் திருத்தி வெளியிட வேண்டும். ஏஸ் கிராமத்துக்கு ரயிலில் போய் இறங்கி உடனே சுற்றிப் பார்க்கலாம் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஏஸ் என்னும் பெயரைத் தாங்கிய நிலையம் கீழே கடலோரத்தில் இருக்கிறது; கிராமமோ அதற்கு நேர் மேலே மலை உச்சியில். இடையே உள்ள ஒற்றையடிப் பாதை, ஜெர்மானியத் தத்துவ அறிஞர் நீட்சே நடந்த பாதை என்று பெயர் பெற்றது. செங்குத்தான அந்த ஏற்றத்தைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வழியில் கடையோ தண்ணீரோ இல்லை. கட்டுரையை நம்பி, கோடை வெயிலில், வயதான பெற்றோருடன் அந்த நிலையத்தில் ஒரு குடும்பம் இறங்கி நிற்பதற்கு முன்னால், அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே இந்தத் திருத்தம் வந்துவிட வேண்டும் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.